ஆண்டவர் பட்ட பாட்டுக்கு முன்னால நம்ம பாடு ஒண்ணுமில்லையா?

கடற்கரைக்காரி:

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ். நான் கன்னியாகுமரி மாவட்டம், கடற்கரை ஊரு. ஊர்ப்பேரு வேண்டாம், சொன்னா ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க.

எங்க வீட்டுக்காரருக்குப் போன மழைக்காலத்துல பக்கவாதம் வந்துச்சு. வலது பக்கம் முழுக்கப் போச்சு, பேச்சும் போச்சு. வள்ளத்துல தொழிலுக்குப் போய்க்கிட்டிருந்த மனுஷன், இப்போ மூக்குல போட்ட டியூப் வழியாத்தான் கஞ்சி. ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். அப்படியும் இடுப்புக்குக் கீழ ஒரு புண் வந்துருச்சு. அதைக் கழுவி மருந்து வச்சுக் கட்டுறதும் நான்தான். மகன் கேரளாவுல போட்டுல தங்கு தொழிலுக்குப் போறான், பணம் அனுப்புறான். மக பிளஸ் டூ, அவளை ராத்திரி எழுப்ப மனசு வராது.

தவக்காலம் தொடங்கினதிலேருந்து வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு (ஆண்டவரோட பாடுகளைப் பதினாலு நிலையாப் பிரிச்சு ஜெபிக்கிறது) என்னால கோயிலுக்குப் போக முடியல. ஆனா கோயில்ல குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க, எங்க வீட்டுக்கு நல்லாவே கேக்கும். அவங்க சொல்லச் சொல்ல நானும் கட்டிலுக்குப் பக்கத்துல முழங்கால் போட்டுச் சொல்லுவேன். சின்ன வயசுலேருந்து வாயில ஊறின ஜெபம்தான். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி"ன்னு ஏர் பெட் மோட்டார் சத்தத்தோட சேர்ந்து சொல்லுறது.

பிரச்சினை என்னன்னா, போன வெள்ளிக்கிழமை பத்தாம் நிலை வரும்போது நான் இவரு வேட்டியை மாத்திக்கிட்டிருந்தேன். நனைஞ்சு போச்சு. அங்க குழாய்ல ஆண்டவரோட உடையை உரியறாங்க, இங்க நான் இவரோட உடையை உரியறேன். இவரு இடது கையால வேட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு, விடல. வெக்கம். பொண்டாட்டிக்கிட்டயே வெக்கம். எனக்குத் திடீர்னு ஒரு கோபம் வந்துச்சு பாருங்க. "ஆண்டவரே, உமக்கு வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு எல்லாம் முடிஞ்சுது. இவருக்கு எப்போ முடியும்?"னு வாய் விட்டே கேட்டுட்டேன். பதினோராம் நிலையில இருந்து ஜெபம் வரவே இல்ல.

இதை எங்க அன்பியத்துல (அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேர்ந்து ஜெபிக்கிற குழு) ஒரு அக்காகிட்ட சொன்னேன். "ஆண்டவர் பட்ட பாட்டை நெனச்சுப் பாரு, நம்ம பாடெல்லாம் ஒரு பாடா?"ன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா அதைக் கேட்டதிலேருந்து சிலுவையைப் பார்க்கவே பயமா இருக்கு. என் வாயை அடைக்கிறதுக்காகத்தான் அங்க தொங்குறாரோன்னு தோணுது.

கஷ்ட காலத்துல நீங்கள்லாம் ஆண்டவரோட பாடுகளை எப்படித் தியானிக்கிறீங்க? நான் கேட்டது பாவமா? அப்புறம், ஐம்பத்து மூணு மணி ஜெபமாலை எனக்கு முடியல, ரெண்டாம் மறைபொருளுக்குள்ள, பாதி கூட வராம, உக்காந்தபடியே தூங்கிருறேன். சுருக்கமா ஏதாவது வழி உண்டா?


விசுவாச வீரன்:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். முறுமுறுப்பு ஆபத்தானது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததால் என்ன ஆனது என்று வாசியுங்கள். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யும்படி 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்கிறது. அவருடைய தழும்புகளால் குணமாகிறோம் என்பது ஏசாயா 53:5. அதை அறிக்கை செய்து, சந்தேகப்படாமல் கேளுங்கள். கோபத்துக்கு இடம் கொடுக்காதிருங்கள்.


வடக்கன்குளத்தான்:

விசுவாச வீரன் அண்ணே, நீங்க சொன்ன வசனங்கள் எல்லாம் வேதத்துல இருக்கிறதுதான். ஆனா ராத்திரி தூங்காத ஒரு பொம்பளைகிட்ட முதல்ல எடுத்து நீட்டுற வசனமா அது?

அக்கா, நான் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்துல சில வருஷம் இருந்துட்டு வெளிய வந்தவன். எங்க ஊர் வடக்கன்குளம். உங்க மாவட்டத்து ஆளு நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனது எங்க ஊர்லதான், 1745ல. அவரு எப்படி இந்த வழிக்கு வந்தாருன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. வீட்டுல நஷ்டத்துக்கு மேல நஷ்டம், மாடு சாகுது, பயிர் போகுது. மனசு உடைஞ்சு நின்னவர்கிட்ட, 1741 குளச்சல் போர்ல பிடிபட்டு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படையிலயே தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய் என்ன சொன்னாரு? யோபுவோட கதையைத்தான். பிள்ளையும் சொத்தும் போயி, சாம்பல்ல உக்காந்து, பிறந்த நாளையே சபிச்ச மனுஷனோட கதை.

அந்தப் புத்தகத்துல யோபுக்குப் புத்தி சொல்ல வந்த கூட்டாளிங்க பேசினது எல்லாமே பக்தியான பேச்சு. யோபு பேசினதுல பாதி வழக்கு, பாதி கோபம். கடைசியில 42:7ல கடவுள் யாரைக் கண்டிக்கிறாரு? கூட்டாளிங்களை. "என் அடியான் யோபைப் போல நீங்க என்னைப் பத்திச் சரியாப் பேசல"ங்கிறாரு. அதனால நீங்க கேட்ட கேள்வி பாவமான்னு என்கிட்ட கேட்டா, இல்லைன்னுதான் சொல்லுவேன்.

தேவசகாயமும் பின்னாடி இந்த விசுவாசத்துக்காகப் பட்டது கொஞ்ச நஞ்சமில்ல. எருமை மேல ஏத்தி ஊர் ஊராக் கொண்டுபோனது, அடிச்ச புண்ணுல மிளகாய்ப்பொடி தேச்சது, 1752 ஜனவரியில ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனா புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறையை ஏன் கும்பிடப் போறோம்? தாகம் தாங்காம ஜெபிச்சு, கை முட்டியால பாறையில இடிச்சாரு, தண்ணி வந்துச்சுன்னு சொல்றாங்க. "ஆண்டவரே சிலுவையில தாகமா இருந்தாரு, என் தாகம் ஒரு தாகமா"ன்னு அவரு சும்மா இருக்கல. தண்ணி கேட்டாரு. ஆண்டவரும் "தாகமாயிருக்கிறேன்"னு வாய் விட்டுத்தான் சொன்னாரு.

இனி தியானிக்கிற முறை. இயேசு சபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியார் முறைதான் எனக்குத் தெரியும். அவரே 1521ல பாம்பலோனாவுல பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைஞ்சு, தப்பாக் கூடின எலும்பைத் திரும்ப உடைச்சு, மாசக்கணக்குல படுக்கையில கிடந்தவரு. அவரு சொல்லித் தர்றது: பாடுகள்ல ஒரே ஒரு காட்சியை எடு. அந்த இடத்துல நீயும் நில்லு. யாரு இருக்காங்க, என்ன பேசுறாங்க, என்ன செய்றாங்கன்னு பாரு. கடைசியில ஒரு சிநேகிதன் சிநேகிதன்கிட்ட பேசுற மாதிரி ஆண்டவர்கிட்ட பேசு. இன்னொன்னும் சொல்றாரு: எந்த இடத்துல மனசு பிடிச்சு நிக்குதோ அங்கேயே நில்லு, அடுத்ததுக்குப் போகணும்னு அவசரப்படாத.

உங்க மனசு பத்தாம் நிலையில நின்னுருச்சு. ஜெபம் அறுந்துபோச்சுன்னு நீங்க நெனைக்கிறீங்க, எனக்கு என்னமோ அங்கதான் தொடங்குச்சுன்னு படுது. நனைஞ்ச வேட்டியை மாத்தும்போதே, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல துணியில்லாம நின்னவரு முகத்தைப் பாருங்க. அவருக்கு வெக்கமா இருந்திருக்காதா? அதை அவர்கிட்டயே கேளுங்க. பதினாலு நிலையும் ஒரே மூச்சுல முடிச்சாகணும்னு சட்டம் எதுவும் இல்ல. வேணும்னா ஆண்டவர் பிடிபடுறதுக்கு முன்னாடி ஜெபிச்ச தோட்டத்துலேருந்து தொடங்குங்க. இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் 1991 பெரிய வெள்ளியன்னைக்கு ரோம்ல கொலோசியத்துல அப்படித்தான் செஞ்சாரு. நற்செய்தியில உள்ள காட்சிகளை மட்டும் எடுத்து, முதல் நிலையா அந்தக் கெத்செமனித் தோட்டத்தை வச்சாரு. "இந்தப் பாத்திரம் என்னை விட்டுப் போகட்டும்"னு ஆண்டவரே கேட்டது அங்கதான்.


பாளையங்கோட்டை வாத்தியார்:

அன்பு மகளுக்கு, நான் சி.எஸ்.ஐ. என்ற புரொட்டஸ்டண்ட் சபை. ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்களிடத்தில் சிலுவைப்பாதை வழக்கமில்லை. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரித்துக்கொண்டு தியானம் கொடுப்போம். நான்காம் வார்த்தையை எடுக்க யாரும் லேசில் முன்வரமாட்டார்கள். அது பெரும்பாலும் என் தலையில்தான் விழும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற வார்த்தை.

அதை வருஷா வருஷம் பேசிப் பேசி எனக்குத் தெளிவான ஒன்றைச் சொல்கிறேன். ஆண்டவர் அந்த நேரத்தில் சொந்தமாக ஜெபம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. சிறு பிராயம் முதல் மனப்பாடமாயிருந்த 22ம் சங்கீதத்தின் முதல் அடியைச் சொன்னார். நீ சொன்ன வாயில் ஊறின ஜெபம் போலத்தான் இதுவும். "ஏன்" என்பது அவருடைய வாயிலிருந்தே வந்த கேள்வி. அதை நீ கேட்டால் குற்றம் என்றால், முதலில் அவர்மேல் அல்லவா அந்தக் குற்றம் விழும்?

எங்கள் பிரசங்கிமார் பலர் 22ம் சங்கீதத்தை எடுத்தவுடன் ஓட்டமாய் ஓடி, துதியாய் மாறும் பின்பகுதிக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சங்கீதக்காரன் இருபது வசனத்துக்கு மேல் அழுதுவிட்டுத்தான் அங்கே வருகிறான். நீ உடனே வரவேண்டாம். 88ம் சங்கீதத்தை ஒரு நாள் வாசித்துப் பார். அது துதியில் முடிவதே இல்லை. சிநேகிதரும் தோழரும் தூரமாய்ப் போனார்கள் என்று சொல்லி, இருட்டிலேயே நின்றுவிடுகிறது. வேதாகமத்தில் அதையும் ஒரு ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

தூக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். கெத்செமனியில் தூங்கினவர்கள் அப்போஸ்தலர்கள். "ஒரு மணி நேரம் விழித்திருக்கக் கூடாதா" என்று கேட்டவரே, அதே மூச்சில் "மாம்சமோ பலவீனமுள்ளது" என்றும் அவர்களுக்காகப் பேசினார். சுருக்கமான ஜெபம் கேட்டாயே, மத்தேயு 26:44 பார். மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம் பண்ணினாராம். ஒரே வார்த்தை, மூன்று தரம். அவருக்குப் போதுமாயிருந்தது உனக்கும் போதும். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரே ஒரு வரி சொல். என் மனைவி புற்றுநோயில் கிடந்தபோது நான் சொன்ன வரி "பிதாவே, உமது கைகளில்" என்பது மட்டும்தான். முழு வசனம் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.


மன்னார்ப் பிள்ளை:

தங்கச்சி, நான் மன்னார். இப்ப வெளிநாட்டில இருக்கிறன்.

எங்கட ஊரில தவக்காலம் எண்டால் ஆண்டவற்ற பாடுகளைச் சொல்லி அழுற வியாகுலப் பிரசங்கம் வாசிப்பினம். கோவாவில இருந்து 1705ல இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதினது. அப்ப கரையோரம் ஒல்லாந்தற்ற ஆட்சி, கத்தோலிக்கச் சமயம் தடை. குருமார் ஒளிச்சுத்தான் திரிஞ்சவை. அப்பிடி ஒரு காலத்தில சனத்துக்கு எழுதிக் குடுத்ததை இராகத்தோட இழுத்து வாசிக்கேக்க, அம்மம்மா ஆக்கள் முந்தானையால முகத்தை மூடிக்கொண்டு அழுவினம். செத்த வீட்டில அழுற அதே அழுகைதான். ஆண்டவருக்காக அழுகினமா, தங்கட செத்த பிள்ளைக்காக அழுகினமா எண்டு சின்ன வயசில நான் யோசிக்கிறனான். ரெண்டும்தான் எண்டு இப்ப விளங்குது.

2009 பெரிய வெள்ளிக்கு நாங்கள் சண்டையில இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில. கோயிலும் இல்லை, படமும் இல்லை. ஒரு வயசான மாஸ்டர் சொன்னார், பதினாலு கூடாரத்தைப் பதினாலு நிலையா வைப்பம் எண்டு. ஒவ்வொரு கூடார வாசலிலயும் நிண்டு, நிலையைச் சொல்லிப்போட்டு, அந்தக் கூடாரத்துச் சனத்துக்கு என்ன நடந்தது எண்டு அவையையே சொல்லச் சொன்னார். விருப்பமில்லாதவை சொல்லேல்லை, சும்மா நிண்டிச்சினம். பதின்மூண்டாம் நிலை. மாதாவின்ர மடியில ஆண்டவரைக் கிடத்தினது. அந்தக் கூடாரத்தில இருந்த அம்மா ஒராள், மகன் எங்கை எண்டே தெரியாது அவவுக்கு, எழும்பி நிண்டு சொன்னா: "மாதாவுக்கு உடம்பாவது கையில கிடைச்சது."

ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. இப்பிடிச் சொல்லலாமோ எண்டு ஒருத்தரும் அவவைக் கேக்கேல்லை. மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டுபோட்டு, "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" எண்டார். எல்லாரும் சேர்ந்து சொன்னம். பிறகு அடுத்த கூடாரம்.

நீங்கள் மூண்டு மணி எண்டு கேட்டது அந்த அம்மா கேட்ட மாதிரித்தான். உங்கட பாட்டையும் அவற்ற பாட்டையும் தராசில போட்டு எது பாரம் எண்டு பாக்கிறதுக்கு சிலுவைப்பாதை வைக்கேல்லை, தங்கச்சி. கூட நடக்கிறதுக்குத்தான் வைச்சது. கூட நடக்கிற ஆளோட சண்டையும் பிடிக்கலாம்.


இரவு ஷிப்ட்:

எல்லாரும் நல்லாவே சொல்லிட்டீங்க. நான் நர்ஸ், அதனால வேற பக்கத்துலேருந்து பேசுறேன். கோவிச்சுக்காதீங்க.

அக்கா, உங்க பதிவுல கோபத்தை விட என் கண்ணுல பட்டது தூக்கம்தான். இத்தனை மாசமா ராத்திரியெல்லாம் முழிக்கிற யாருக்கும் கோபம் வரும், அழுகை வரும், எதுக்கு வாழணும்னு கூடத் தோணும். அப்படித் தோணினா ஆன்மீகக் குறைன்னு நெனச்சு உள்ளயே வச்சுக்காதீங்க. 14416க்குப் போன் போடுங்க, டெலிமானஸ்னு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

அடுத்தது, 2021 ஆகஸ்ட்லேருந்து தமிழ்நாட்டுல மக்களைத் தேடி மருத்துவம் நடக்குது. பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமில்ல, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதுல உண்டு. உங்க ஊர் துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார செவிலியரைப் பிடிச்சுப் பேரைப் பதிவு பண்ணச் சொல்லுங்க. புண்ணையும் அவங்ககிட்ட காட்டிருங்க. டியூப்ல கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் நல்லா உயர்த்தி வச்சு, கொடுத்து முடிச்ச பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே விடுங்க. உடனே புரட்டாதீங்க, கஞ்சி மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிரும்.

சிலுவைப்பாதையில எனக்குப் பிடிச்சது அஞ்சாம் நிலை. சிரேனே ஊர் சீமோன் இரக்கப்பட்டுத் தானா வரல. வயல்லேருந்து வந்துக்கிட்டிருந்த ஆளைப் பிடிச்சு இழுத்துச் சிலுவையைத் தோள்ல வச்சாங்க. நீங்களும் உங்க அன்பியத்தைப் பிடிச்சு இழுங்க. "நம்ம பாடு ஒரு பாடா"ன்னு சொன்ன அக்காவை வாரத்துல ஒரு ராத்திரி வந்து ரெண்டு தடவை புரட்டி விடச் சொல்லுங்க. ஆண்டவரே சிலுவையைத் தனியாச் சுமக்கல, உங்களுக்கு மட்டும் ஏன் அந்த வைராக்கியம்?


கடற்கரைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொண்ணையும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கூடாரத்துக் கதையில அவ நிறுத்திட்டா, மேல வாசிக்க முடியல.

மன்னார் அக்கா, நீங்க சொன்ன மாதிரி எங்க பக்கத்துலயும் உண்டு. 2017 ஒக்கிப் புயல்ல கடலோட போய் உடம்பு கூடக் கிடைக்காத வீடுங்க எத்தனையோ. என்கிட்ட "நம்ம பாடு ஒரு பாடா"ன்னு சொன்ன அன்பியத்து அக்கா வீடும் அதுல ஒண்ணு. அவங்க மகன். இதை நான் முதல்ல எழுதல, எழுதணும்னு தோணவும் இல்ல. என்னைத் திட்டுறதா நெனச்சேன். அவங்க அதைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் நடமாடுறாங்க போல. எனக்கு அந்த மருந்து ஒத்துக்கல, அவங்களுக்கு ஒத்துக்குது. அதுக்கு நான் என்ன சொல்ல?

இரவு ஷிப்ட் தங்கச்சி சொன்னபடி அவங்ககிட்டயே போய்க் கேட்டேன். ராத்திரி வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இருங்கன்னேன். ஒரு நிமிஷம் முகம் ஒரு மாதிரி ஆச்சு, அப்புறம் சரின்னுட்டாங்க. அதனால இந்த வெள்ளி நான் கோயிலுக்குப் போனேன். பத்தாம் நிலையில கோபம் இன்னும் வருது. இந்தத் தடவை நிறுத்தல, கோபத்தோடயே பதினாலையும் முடிச்சேன். செவிலியர்கிட்டயும் பேர் கொடுத்தாச்சு. பிசியோ வந்து இடது கைக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்துட்டுப் போயிருக்காரு. இவரு அதை எங்க மக மேல எறியறாரு.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நீங்க சொன்ன 88ம் சங்கீதத்தை எங்கம்மா வச்சிருந்த பழைய கத்தோலிக்க சங்கீதப் புத்தகத்துல எடுத்துப் பார்த்தேன். அது "ஆண்டவரின் இரக்கங்களை என்றென்றும் பாடுவேன்"னு சந்தோஷமால்ல தொடங்குது? ராத்திரி ரெண்டு மணிக்கு வாசிச்சுட்டு எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.


வடக்கன்குளத்தான்:

அக்கா, ஐயா மேல தப்பில்ல, எண்ணிக்கைதான் வேற. பழைய கத்தோலிக்கப் பதிப்புகள்ல லத்தீன் கணக்குப்படி பெரும்பாலும் ஒரு எண் குறைவா வரும். ஐயா சொன்ன 88 உங்க புத்தகத்துல 87. அதே மாதிரி 22 உங்களுக்கு 21. ரெண்டையும் பெரிய எழுத்துல டைப் பண்ணி இங்கயே போடுறேன், ராத்திரி லைட் போடாம போன்லயே வாசிக்கலாம்.